கழற்றிய வீடு

பஞ்சாட்சரத்திடம் யாராவது "வீடு இடிக்கிறவர் நீங்கதானே?" என்று கேட்டுவிட்டால் அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். "இடிக்கிறதுக்கு ஜேசிபி போதும் நைனா. நான் கழட்டறவன்" என்பார். அது வெறும் வாய்ச்சவடால் இல்லை. ஒரு பழைய வீட்டை அவர் கையில் ஒப்படைத்தால் முதலில் ஒயர், அப்புறம் கதவு, ஜன்னல், அதற்கப்புறம் படிக்கட்டு, கடைசியில்தான் கூரை என்று வாழைப்பூவை உரிக்கிற மாதிரி மடல் மடலாக உரித்து எடுப்பார். கண்ணாடியில் ஒரு கீறல் விழாது. எடுத்ததையெல்லாம் குட்டி யானை என்கிற சின்ன லாரியில் ஏற்றிப் பள்ளிக்கரணையில் இருக்கும் தன் யார்டுக்குக் கொண்டுவந்து தகரக் கொட்டகையில் சாய்த்து வைப்பார். மயிலாப்பூர்க் கதவும் தி.நகர்க் கதவும் ராயப்பேட்டைக் கதவும் அங்கே தோளோடு தோள் உரசி நிற்கும். வேண்டியவர்கள் வந்து பேரம் பேசி எடுத்துப் போவார்கள்.

கழற்றி முடித்த வீட்டை அவர் திரும்பிப் பார்த்ததில்லை. அடுத்த தடவை அந்தத் தெருவழியே போனால் அங்கே ஐந்து மாடி நிற்கும். இது நாம் கழற்றிய இடமா என்று அவருக்கே அடையாளம் தெரியாது. அதில் அவருக்கு வருத்தமும் கிடையாது. ஊர் அப்படித்தான், வளருகிற பிள்ளைக்குச் சட்டை பத்தாமல் போகிற மாதிரி.

அப்படி இருக்கையில் ஒரு புரட்டாசி மாதக் காலையில் யார்டு வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. மெலிந்த தேகமும் கையில் குடையுமாக அறுபது வயது தாண்டிய அம்மாள் ஒருவர் இறங்கினார். கூடவே தோளில் பெரிய பை மாட்டிய ஓர் இளம்பெண்.

"இங்க பஞ்சாட்சரம்ங்கறது?"

"நான்தாம்மா. இன்னா வேணும், கதவா ஜன்னலா?"

"ரெண்டும். படிக்கட்டும் வேணும். எல்லாம் எங்காத்துது."

பஞ்சாட்சரத்துக்கு முதலில் விளங்கவில்லை. ராஜா அண்ணாமலைபுரம், அந்த முனைத் தெரு, வாசலில் வேப்பமரம் என்று அந்த அம்மாள் சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. கோடையில் எடுத்த வேலை. பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட ஒரு பில்டர் ஒப்பந்தம் போட்டிருந்தார். பஞ்சாட்சரம் கதவு, ஜன்னல், படிக்கட்டு எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட்டு, மறுநாள் கூரையில் கைவைக்கலாம் என்று இருந்தபோது பில்டரின் மேனேஜர் போன் செய்து "நிறுத்துப்பா" என்றார். வேறெங்கோ போட்ட பணம் முடங்கிப் பில்டர் கைவிரித்துவிட்டாராம். ஒப்பந்தம் ரத்து. பஞ்சாட்சரம் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். அந்த வீடு கண்ணும் வாயும் திறந்தபடி அங்கேயே நின்றது.

அந்த வீட்டுக்காரர்தான் இந்த அம்மாள், சூடாமணி. பள்ளியில் ரசாயனம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் பாதி அமெரிக்காவில் இருக்கும் தம்பி குருபிரசாத்துக்கு. வீடு இடிபடப் போகிறது என்று அடையாற்றில் ஒரு வாடகை ஃபிளாட்டுக்குக் குடிபோயிருந்தார். உடன் வந்த பெண் அனன்யா, அவருடைய பழைய மாணவி. பழைய கட்டடங்களைப் பழுது பார்த்து மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவருகிற ஆர்க்கிடெக்ட்.

"தம்பி காலி மனையாவே வித்துடலாம்ங்கறான்" என்றார் சூடாமணி. "நானும் சரின்னுதான் இருந்தேன். போன வாரம் ஒரு தடவை பார்த்துட்டு வரலாமேன்னு போனேன். கதவில்லை, ஜன்னல் இல்லை. உள்ள அப்படி ஒரு காத்து, அப்படி ஒரு வெளிச்சம்! பொறந்ததுலேர்ந்து அந்த ஆத்துல இருந்திருக்கேன் பஞ்சாட்சரம், அந்த வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. இருட்டு வீடு, இருட்டு வீடுன்னு திட்டிண்டே இருந்தேன். அப்புறம்தான் புரிஞ்சது. பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு, பரண் அடிச்சு, பாதி ஜன்னலைச் செங்கல் வெச்சு அடைச்சு, இருட்டாக்கினது நாங்கதான்."

"அதனால இப்ப?"

"அதனால நான் அங்கேயே திரும்பிப் போகப்போறேன்."

பஞ்சாட்சரம் சிரித்துவிட்டார். "கயட்டுன வூட்ட யாருமா திருப்பி மாட்டிருக்காங்க?"

"மாட்டலாம் சார்" என்றாள் அனன்யா. "சுவர் எல்லாம் கெட்டியா இருக்கு. உத்திரத்துல நாலஞ்சுதான் முனை மக்கிச் செத்திருக்கு. நீங்க உடைக்காம கழட்டினதாலதான் இந்தப் பேச்சே பேச முடியுது. வேற யாராவது செஞ்சிருந்தா நிலையோட சேத்துப் பேத்திருப்பாங்க."

அந்த வார்த்தையில் மனுஷர் கொஞ்சம் இளகிவிட்டார். ஜன்னல்களில் முக்கால்வாசி யார்டிலேயே இருந்தன. கொட்டகையின் கோடியில் தார்ப்பாயை விலக்கிக் காட்டினார். சூடாமணி டீச்சர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஒரு ஜன்னலின் கொக்கியைப் பார்த்து "இது என் விரலை நசுக்கின சனியன்" என்றார். பாசத்தோடு சொன்னாரா, கோபத்தோடு சொன்னாரா என்று பஞ்சாட்சரத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மத்ததெல்லாம் வித்துப்போச்சுமா. படிக்கட்டு ராயப்பேட்டைல ஒரு பாய் கடைக்குப் போச்சு. கலர் கண்ணாடி தி.நகர்ல ஒரு பொண்ணு வாங்கினு போச்சு."

"வாசக்கதவு? தேக்கு, ரெட்டைக் கதவு, பித்தளை வளையம் போட்டது?"

பஞ்சாட்சரம் தரையைப் பார்த்தார். "அத்தும் வித்துப்போச்சுமா."

அந்தக் கதவு வெகுதூரம் போகவில்லை. யார்டுக்குப் பின்னால் அவர் புதிதாகக் கட்டிய வீட்டின் வாசலில்தான் மாட்டியிருந்தது. ஆவணியில் கிரகப்பிரவேசம் ஆகி, நிலையில் பூசிய மஞ்சள்கூட இன்னும் போகவில்லை.

அதற்குக் காரணம் அவர் மனைவி சொர்ணம். அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவள். அங்கே கதவென்றால் ஒரு சாக்குப்படுதா. பிற்பாடு ஒரு தகரம். கரையோரத்து ஜனங்களை ஊருக்கு வெளியே குடியிருப்பில் கொண்டுபோய் வைத்தபோது அங்கே கிடைத்த கதவு முதல் மழையிலேயே ஊறி உப்பிவிட்டது. பிறகு அது ஒருநாளும் சரியாகச் சாத்தியதில்லை. சொந்தமாக வீடு கட்டும்போது உனக்கு என்ன வேணும் என்று பஞ்சாட்சரம் கேட்டார். "சாத்துனா சாத்திக்கிற மாதிரி ஒரு கதவு" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. அந்த வாரம்தான் ராஜா அண்ணாமலைபுரத்துக் கதவு யார்டில் வந்து இறங்கியது.

இதை அவர் டீச்சரிடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகத்தானோ என்னவோ, "வாங்கம்மா, பாய் கடைக்கு நானே இட்டுனு போறேன்" என்று குட்டி யானையின் சாவியை எடுத்துக்கொண்டார். ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு, டீச்சர் குடையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அனன்யா நடுவில் நெருக்கிக்கொண்டாள். "இவ்வளவு உசரத்துலேர்ந்து நான் மெட்ராஸைப் பார்த்ததில்லை" என்றார் டீச்சர். மத்திய கைலாஷ் சிக்னல்வரை அவருக்கு வாய் ஓயவில்லை.

ராயப்பேட்டையில் ஒரு குறுகலான தெருவில் ஹபீபுர் ரஹ்மானின் பிரியாணிக் கடை. கீழே அண்டாவும் பார்சலும். மேலே குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட ஓர் அறை. இரண்டுக்கும் நடுவில், பாதியில் வளைந்து திரும்பும் பர்மா தேக்குப் படிக்கட்டு பளபளவென்று நின்றது. கழற்றி எடுத்தபோது அது தூசியும் ஒட்டடையுமாக இருந்தது பஞ்சாட்சரத்துக்கு நினைவிருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் ஹபீபுர் ரஹ்மான் கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். "இன்னா பஞ்சாட்சரம், வித்த பொருள திருப்பிக் கேக்க வந்துகிறியா? பிரியாணிய துன்னுட்டு, அரிசிய திருப்பிக் குடுன்னா நான் குடுப்பேனா, நீயே சொல்லு."

அதற்குள் டீச்சர் படியேறத் தொடங்கியிருந்தார். வளைவு வந்ததும் நின்றார். அங்கே ஒரு படி மட்டும் அகலமாக இருக்கும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பரீட்சைப் பேப்பர் எல்லாம் இங்க உட்கார்ந்துதான் திருத்துவேன்" என்றார் கீழே பார்த்து. "ஆத்துல வெளிச்சம் வர்ற ஒரே இடம் இதுதான்."

ஹபீபுர் ரஹ்மான் படிக்கட்டின் அடிக்கு வந்து நின்றார். பிறகு, "டீ சாப்புடுறீங்களாம்மா? டீக்குத் தனி அடுப்புதான்" என்றார்.

"கொடுங்கோ."

டம்ளர் வந்தது. டீச்சர் படியிலேயே உட்கார்ந்து குடித்தார். குடித்து முடித்துவிட்டு, "எனக்கு இது வேணும் பாய். சுத்தி வளைக்காம சொல்லிடறேன். ஆனா உங்க வியாபாரத்தைக் கெடுத்துண்டு வேண்டாம். இதுக்கு ஏதாவது வழி இருக்கான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

ஹபீபுர் ரஹ்மான் தாடியைத் தடவினார். "உண்மைய சொல்லட்டா? பாக்கத்தான் இது ஷோக்கா கீதும்மா. தட்டு தூக்கினு ஏறுற பசங்களுக்கு ஒரே பேஜாரு. அந்த வளைவுல டெய்லி எவனாவது ஒருத்தன் சால்னாவ கொட்டிர்றான். நேத்து ஒரு கஸ்டமர் சட்ட மேலயே கொட்டிட்டான். நேரா ஏறுற மாதிரி ஒரு படி இருந்தா எனக்கும் நிம்மதிதான்."

நேராக ஏறுகிற படி பஞ்சாட்சரத்திடம் இருந்தது. மூடிப்போன ஓர் அச்சாபீஸில் கழற்றிய இரும்புப் படிக்கட்டு, ஆளைத் தேடித் துருப்பிடித்துக்கொண்டு கிடந்தது. கடைக்கு லீவு விட்ட திங்கட்கிழமை ஆட்களோடு வந்து தேக்குப் படியை எடுத்துவிட்டு இரும்புப் படியை நிறுத்தினார். கழற்றுவது மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. மாட்டுவதற்குத்தான் நாள் முழுக்கப் பிடித்தது. ஒரு பக்கம் தூக்கினால் ஒரு பக்கம் இறங்கியது. தரை மட்டம் சரியில்லை. வெல்டிங்காரன் இரண்டு தடவை திட்டிவிட்டுப் போய் இரண்டு தடவையும் திரும்பி வந்தான். சாயங்காலம் அதில் ஹபீபுர் ரஹ்மான் ஏறி இறங்கிப் பார்த்து "அசையல" என்று சொன்னார். பஞ்சாட்சரம் தானும் ஒரு தடவை ஏறி இறங்கிப் பார்த்தார். இத்தனை வருஷத் தொழிலில் 'அசையல' என்று ஒருவர் அவரைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

தி.நகர்ப் பயணம் அப்படிப் பலிக்கவில்லை. பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் மெஹக் என்ற பெண் துணிக்கடை வைத்திருந்தாள். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமான அந்தக் கண்ணாடிச் சட்டங்களை, துணி போட்டுப் பார்க்கும் அறைக்குக் கதவாக மாட்டியிருந்தாள். உள்ளே விளக்கைப் போட்டதும் கடை முழுக்கக் கலர் இறைந்தது.

"ஆன்ட்டி, ப்ளீஸ், இதை மட்டும் கேக்காதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள் மெஹக். "இது முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கத்தான் பாதிப் பேர் என் கடைக்கு வர்றாங்க. கடை ஆரம்பிச்சு ஆறு மாசம் ஈ ஓட்டினேன். இது வந்தப்புறம்தான் ஆள் வந்தாங்க."

பஞ்சாட்சரம் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் தலையாட்டிவிட்டார். ஒரு பருத்திச் சுடிதாரைப் பார்த்து விலை கேட்டு, அதை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார்.

"இன்னா டீச்சரம்மா, பொசுக்குன்னு வுட்டுக்குடுத்துட்டீங்க? நான் பேசி வாங்கிருப்பேனே" என்று படியிறங்கும்போது பஞ்சாட்சரம் அங்கலாய்த்தார். அவர் 'டீச்சரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தது அந்த வாரத்தில்தான்.

"எங்காத்துல அது சமையல்கட்டு மேல இருந்தது. கரி படிஞ்சு, என்ன கலர்னு எங்களுக்கே தெரியாது. அந்தப் பொண்ணு எவ்வளவு நன்னா அலம்பி வெச்சிண்டிருக்கா பார்த்தேளா? அங்கேயே இருக்கட்டும்" என்றார் டீச்சர். கொஞ்சதூரம் போனதும், "நானெல்லாம் சுடிதார் போட்டா நன்னாயிருக்குமா பஞ்சாட்சரம்?" என்று கேட்டார். பஞ்சாட்சரம் கியரைப் பார்த்துக்கொண்டே "சூப்பரா இருக்கும்மா" என்றார்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. உத்திரத்தில் செத்துப்போன முனைகளை வெட்டிவிட்டு ஒட்டுப் போடப் பழைய தேக்கு தேவைப்பட்டது. அதைப் பார்த்து எடுக்க டீச்சரும் அனன்யாவும் மறுபடி யார்டுக்கு வந்தார்கள். அனன்யா கொட்டகைக்குள் கட்டைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சாட்சரம் வண்டிமேல் ஏறித் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் வானம் பொத்துக்கொண்டது.

"அய்ய, மயைல நிக்கிறீங்களே! உள்ள வாங்கம்மா!" என்று பின்னாலிருந்து சொர்ணத்தின் குரல் கேட்டது.

அவர் வண்டியிலிருந்து குதித்து ஓடி வருவதற்குள் டீச்சர் வீட்டு வாசலுக்குப் போய்விட்டிருந்தார். குடையை மடக்கியவர் நிமிர்ந்து பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். கதவிலிருந்த பித்தளை வளையத்தை ஒரு விரலால் தூக்கி, மெதுவாக விட்டார். 'டக்' என்றது.

பஞ்சாட்சரம் மழையில் நனைந்தபடி நின்றார்.

"இது வித்துப்போச்சுன்னு சொன்னேளே" என்றார் டீச்சர், திரும்பாமலேயே.

"ஆமாம்மா. எனக்கே வித்துக்கினேன்."

சொர்ணம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு நேரமாகவில்லை. "டீச்சரம்மா வூட்டுதா இது?" என்றாள். பஞ்சாட்சரம் தலையாட்டியதும் கதவின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"எடுத்துனு போறேன்னு மட்டும் சொல்லாதீங்க டீச்சரம்மா. நான் குடுக்க மாட்டேன். இந்த மன்ச மேல எவ்ளோ கோவம் வேணா படுங்க, நாலு சாத்து கூட சாத்துங்க. கதவ குடுக்க மாட்டேன்."

"சொர்ணம்!" என்றார் பஞ்சாட்சரம்.

"நீ சும்மா கெட. எங்கிட்டயும் சொல்லல, அவுங்ககிட்டயும் சொல்லல."

டீச்சர் கோபப்படவில்லை. "நீங்க சொல்றதுதான் சரி" என்றார். "எனக்கு இது வேணுமான்னா வேணும்தான். அதை மறைச்சு என்ன ஆகப்போறது? அது சரி, இந்தத் தாழ்ப்பாள் சரியா விழறதா? எங்காத்துல உடம்பை வெச்சுத் தள்ளிண்டு, ரெண்டு கையாலயும் தூக்கிப் போடணும்."

"ஒத்த வெரலால விழும். எண்ணெ போட்டு வெச்சிகிறேன். வாங்க, காட்றேன்."

எல்லாரையும் உள்ளே விட்டுச் சொர்ணம் கதவைச் சாத்தினாள். ஒரே விரலால் தாழ்ப்பாளை இறக்கினாள். வெளியே கொட்டிக்கொண்டிருந்த மழை, யாரோ ரேடியோவின் காதைத் திருகிய மாதிரி, சட்டென்று தூரப் போய்விட்டது. மூன்று பேரும் கொஞ்ச நேரம் அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"பாத்தீங்களா?" என்றாள் சொர்ணம் மெதுவாக. "சாத்துனா சாத்திக்குது. ஆத்தங்கரைல இருந்தப்ப மயை வந்தா நாங்க தூங்க மாட்டோம். இப்ப நான் படுத்தா விடிஞ்சிதான் எந்திரிக்கிறேன்."

டீச்சர் சொர்ணத்தின் தோளை லேசாகத் தொட்டார், அவ்வளவுதான். பஞ்சாட்சரம் துண்டால் தலையைத் துவட்டுகிற சாக்கில் முகத்தை மூடிக்கொண்டார்.

மழை விட்டதும் சொர்ணமே டீச்சரைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "உங்களுக்கு ஒரு கதவு நான் எடுத்துத் தரேன்" என்றாள். முதலில் காட்டியதைக் கோயில் கதவு மாதிரி இருக்கிறது என்று டீச்சர் தள்ளினார். அடுத்ததில் யாரோ பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். மூன்றாவதை இரண்டு பேருமாகப் புரட்டினார்கள். பலாமரக் கதவு. மயிலாப்பூரில் ஒரு டாக்டர் வீட்டில் இருந்தது. நடுவில் தபால் போடுவதற்கு ஒரு பித்தளை வாய், அதற்கு ஒரு மூடி. டீச்சர் மூடியைத் தூக்கி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து சொர்ணம் எட்டிப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

"இதுவே இருக்கட்டும்" என்றார் டீச்சர்.

"துட்டு கிட்டு வாங்குனியோ, இன்னிக்கி உனக்கு சோறு கெடையாது" என்று சொர்ணம் புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

அந்த வேலை கார்த்திகை, மார்கழி என்று இழுத்தது. அடைத்த ஜன்னல்களை அனன்யாவின் ஆட்கள் திறந்தார்கள். பின்பக்கத்து ஆஸ்பெஸ்டாஸ் போயிற்று. சுவரில் எப்போதோ பூசிய சிமென்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்புச் சாந்தே பூச வேண்டும் என்று அனன்யா ஒற்றைக்காலில் நின்றாள். சுவர் மூச்சு விட வேண்டுமாம்; சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி ஓதம் காக்குமாம். பலாமரக் கதவு பழைய வாசலைவிட அகலத்தில் குறைவாக இருந்தது. மிச்சமிருந்த இடத்தை அவள் செங்கல் வைத்து அடைக்கவில்லை. நீளமாக ஒரு கண்ணாடி போட்டாள். தம்பி குருபிரசாத் போனில் தினம் ஒரு சண்டை போட்டார். மாடியை அனன்யாவே தன் ஆபீஸுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்கிறாள், வாடகை அவருக்கு என்று முடிவான பிறகு சண்டை வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது.

பஞ்சாட்சரத்துக்கு அங்கே உண்மையில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் அனேகமாகத் தினம் போனார். கோடம்பாக்கத்தில் புதிதாக எடுத்த வேலைக்குப் போகிற வழி என்றார். பள்ளிக்கரணையிலிருந்து கோடம்பாக்கத்துக்கு அது எந்த விதத்திலும் வழியில்லை. கொத்தனார் நிலையைத் தூக்கி நிறுத்தித் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கும்போது இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். காலையில் ஓட்டையாக இருந்த இடம் சாயங்காலம் ஜன்னலாகிவிடுவது அவருக்குச் செப்பிடு வித்தை மாதிரி இருந்தது.

ஆனால் ஜன்னல் மாட்டுவதில் ஒரு சங்கடம் வந்தது. எல்லாம் ஒரே அளவு போலத் தெரிந்தாலும் ஒன்றும் ஒரே அளவு இல்லை. எது எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. டீச்சருக்குத் தன் விரலை நசுக்கியதன் இடம் மட்டும்தான் தெரிந்தது. மற்றதையெல்லாம் மாட்டிப் பார்த்து, கழற்றி, வேறிடத்தில் மாட்டிப் பார்த்து என்று ஆட்கள் நொந்துபோனார்கள். "கழட்டும்போது ஒரு நம்பர் போட்டிருக்கலாம் இல்ல சார்?" என்று அனன்யா ஆற்றாமையில் கேட்டாள். பஞ்சாட்சரம் சிரித்து மழுப்பினார். திரும்ப மாட்டப் போவதாக யார் கண்டார்கள்?

அந்த வாரம் கோடம்பாக்கத்து வேலையில் அவர் கையில் ஒரு சாக்கட்டி இருந்தது. கழற்றுகிற ஒவ்வொரு ஜன்னலின் முதுகிலும் ஓர் எண், அதே எண் சுவரிலும். "நாளைக்கு இந்த செவுரே இருக்காதே முதலாளி, நம்பர் எதுக்கு?" என்று ஆட்கள் கேட்டார்கள். "இருந்துட்டுப் போவுது, எய்துடா" என்றார்.

தை பிறந்ததும் டீச்சர் அந்த வீட்டில் பால் காய்ச்சினார். பெரிய கூட்டம் இல்லை. அனன்யாவின் ஆபீஸ் பிள்ளைகள் கம்ப்யூட்டர் பெட்டிகளைத் தேக்குப் படிக்கட்டில் தடதடவென்று ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஹபீபுர் ரஹ்மான் தன் மனைவியோடு ஒரு தட்டு நிறையப் பழம் எடுத்து வந்து, "என் படிக்கட்டு எப்டி கீது?" என்று விசாரித்துவிட்டுப் போனார். சொர்ணம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பலாமரக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்துவிட்டு, பையிலிருந்து சின்ன எண்ணெய்ப் புட்டியை எடுத்து இரண்டு சொட்டு விட்டாள்.

பஞ்சாட்சரம் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டீச்சர் அவருக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். சுடிதார்தான் போட்டிருந்தார். வெயில் கூடத்தின் நடுவரைக்கும் வந்து விழுந்திருந்தது. தான் கழற்றிய வீடு ஒன்றில் உட்கார்ந்து அவர் இதுவரை காபி குடித்ததில்லை. ஆற்றி ஆற்றி மெதுவாகக் குடித்தார். தலைக்கு மேலே உத்திரத்தில் ஒட்டுப் போட்ட இடம் நிறம் மாறித் தெரிந்தது. அது மந்தைவெளிக் கட்டை என்று அவருக்குத் தெரியும். அதற்கடுத்தது லஸ் பக்கத்து வீட்டினுடையது.

"நன்னாயிருக்கா?" என்றார் டீச்சர்.

"காப்பியா, வூடாம்மா?"

"ரெண்டும்தான்."

"ரெண்டுமே கில்லி" என்றார். டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

டம்ளரை வைப்பதற்குள் மாடியிலிருந்து அனன்யா எட்டிப் பார்த்தாள். "சார், தெருப்பக்கத்து ஜன்னல் ஒண்ணு சாத்தவே மாட்டேங்குது. வேற ஏதோ ஜன்னலோட இடத்துல மாட்டிட்டோம் போல. கார்ப்பென்டரை நாளைக்கு வரச் சொல்லட்டுமா?"

"கார்ப்பென்டர் எதுக்கு? இழைப்புளி ஒண்ணு குடு" என்று பஞ்சாட்சரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறினார்.

இழைப்பதில் அவருக்குப் பழக்கம் கிடையாது. முதல் இழுப்பில் மரத்தில் பள்ளம் விழுந்தது. ஆபீஸ் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். அவர் சளைக்கவில்லை. கொஞ்சம் இழைத்தார், சாத்திப் பார்த்தார், முட்டியது. இன்னும் கொஞ்சம் இழைத்தார். சுருள் சுருளாகச் சீவல் காலடியில் விழுந்தது. கடைசியில் ஒரு தடவை தள்ளியபோது ஜன்னல் 'ஹும்' என்று முனகிக்கொண்டு போய்ச் சட்டத்தில் உட்கார்ந்தது. திறந்தார். மறுபடி சாத்தினார். சும்மா இன்னொரு தடவை திறந்து சாத்தினார்.

"ஏய்யா, போவலாமா? பஸ்ஸு கூட்டமாயிடும்" என்று கீழேயிருந்து சொர்ணம் குரல் கொடுத்தாள்.

"தோ, இரு வரேன்" என்று பஞ்சாட்சரம் குனிந்து அடுத்த ஜன்னலின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். "இங்க இன்னொண்ணு கொஞ்சம் புடிக்குது."